கையொப்பமும் மொய்யும்: ஊர் கூடி நூல் பதித்த வரலாறு

பாரோயில் உரையாற்ற ஒப்புக்கொண்டபோது நாம் எண்ணிய பொருள் வேறு. தோட்டத்துத் தமிழில் வழங்கும் உறவுப்பெயர்களைப் பற்றிப் பேச விழைந்திருந்தோம். அதை மாற்றியவர் இவ்வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர். 12 முதல் 16 அகவை வரையுள்ள பிள்ளைகளுக்காக அவர் ஒரு மிகுபுனைவுப் புதினத்தை எழுதி முடித்திருந்தார். அழிக்கப்பட்ட தோட்டமொன்றில் எஞ்சி நிற்கும் ஒற்றைப் பால்மரத்தினுள் வேறோர் உலகிற்கு வழி திறப்பதாகக் கதை. அதற்கு 24 முழுப்பக்க ஓவியங்கள் வேண்டும். ஓவியரும் முன்பணம் கேட்கிறார், அச்சகத்தாரும் முன்பணம் கேட்கின்றனர். "ஐயா, முகந்தெரியாதவர்களிடம் பணம் வாங்கிப் புத்தகம் போடுவது நம் வழக்கத்தில் உண்டா? வீட்டில் இதைப் பிச்சை என்கிறார்கள்" என்று அவர் வினவினார்.

உண்டு என்று உடனே விடை கூறினோம். எவ்வாறு உண்டு, எங்கே தடம் மாறிற்று என்பதைச் சற்று விரித்துரைக்க வேண்டியுள்ளது.

இன்று 'கையொப்பம்' என்ற சொல்லைக் கேட்டால் பெயரெழுதிக் கீழே ஒரு கோடிழுப்பதே நம் நினைவுக்கு வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சுலகில் அச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருந்தது. வெளிவரப்போகும் நூலின் படியை வாங்கிக்கொள்வதாக முன்னரே பெயர் பதிந்து உறுதி கூறுவதும் கையொப்பமே. அவ்வாறு உறுதி கூறியோர் 'கையொப்பக்காரர்' எனப்பட்டனர். அவர்களுடைய பெயர்கள் ஊர்வாரியாக நூலிலேயே அச்சிடப்படுவதும் உண்டு. பிற்காலத்தில் பாரசீக வழிவந்த 'சந்தா' என்ற சொல் இதழ்களோடு சேர்ந்து பரவியது. கையொப்பத்தின் இப்பொருள் மெல்ல வழக்கொழிந்தது. சொல் ஒழிந்தபோது வழக்கமும் மறந்துபோயிற்று என்பது நம் கருத்து.

இவ்வழக்கத்தின் தலைசிறந்த சான்று 1887இல் வெளிவந்த சீவகசிந்தாமணிப் பதிப்பு. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையருக்கு அப்போது 32 அகவை. பதிப்புலகில் அவர் இன்னும் பெயர்பெறவில்லை. பெருஞ்செல்வமும் இல்லை. கும்பகோணத்திலும் பிறவூர்களிலும் அன்பர்களிடம் கையொப்பம் வாங்கி அப்பதிப்பைத் தொடங்கினார். ஒன்றைக் கவனிக்க வேண்டும். கையொப்பமிட்டோர் தந்தது பெரும்பாலும் வாக்குறுதியே. புத்தகம் கைக்கு வந்தபின் பணம் தருவதே வழக்கு. காகிதக் கடைக்காரரும் அச்சுக்கோப்பவரும் வாக்குறுதியைக் கூலியாகப் பெற்றுக்கொள்வதில்லை. அச்சு வேலை நடந்த நாள்களில் பொருளின்றி ஐயர் பட்ட இடரை 'என் சரித்திரம்' படித்தோர் அறிவர். ஆசிரியையின் இன்றைய இக்கட்டும் ஏறத்தாழ அதுவே. விரும்புவோர் இருக்கிறார்கள்; விருப்பம் பணமாக மாறுவதற்கு முன்பே செலவு வந்து நிற்கிறது.

கையொப்பம் எப்போதும் வென்றதில்லை. ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணிக்கு ஆதரவு வேண்டி அறிவிப்பு வெளியிட்டார். அதற்குக் கிடைத்த வரவேற்பு மிகச் சொற்பம். பின்னர் மதுரைத் தமிழ்ச்சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவரின் துணையால் 1910இல் அந்நூல் வெளிவந்தது. ஊர் கைவிட்டதை வள்ளல் ஒருவர் தாங்கினார். இதை ஊராரின் குற்றமாகவே கொள்வதும் நேர்மையன்று. அத்தகைய கலைக்களஞ்சியம் ஒன்றை, கண்ணால் காணுமுன் வாங்க உறுதி கூறுவது எளிதா? மாதிரிப் பக்கம் காட்டாமல் கேட்கப்படும் உறுதி எக்காலத்தும் கடினமானதே.

இனிக் கடல் கடந்து நம் நாட்டிற்கு வருவோம். கங்காணியின் கீழ் வந்திறங்கிய தோட்டத் தொழிலாளர்க்குக் கையொப்பம் என்ற சொல் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பலருக்கு எழுதப்படிக்கவே தெரியாது. சம்பளப் புத்தகத்தில் பெருவிரல் ரேகைதான். எனினும் பலர் சிறுதொகை சேர்த்துப் பொதுக்காரியம் முடிக்கும் முறை அவர்களிடம் ஊறிக் கிடந்தது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவிற்குத் தலைக்கட்டு வரி உண்டு. அதைக் கிராணியார் சம்பள நாளிலேயே பிடித்துவைப்பதும் உண்டு. சிரம்பானிலிருந்து பாரோய் வழியாகப் புக்கிட் புத்துஸ் கணவாய் ஏறிக் கோலப்பிலா செல்லும் சாலையில் இன்று தாமான்களும் விளையாட்டரங்கமும் தெரிகின்றன. இப்பக்கத்துத் தோட்டங்களில் வாழ்ந்த முதியோரைக் கேட்டால், எந்த ஆண்டு யார் எத்தனை வெள்ளி வரி தந்தார், யார் தரவில்லை என்பதை இன்றும் பிழையின்றிச் சொல்வார்கள். நாமே கேட்டிருக்கிறோம். நம்மிடம் ஒலிப்பதிவுக் கருவி இருந்தது உறவுப்பெயர்களுக்காக, பதிவானது வரிக்கணக்கு!

இவ்வழக்கம் கோயில் எல்லையைக் கடந்து நூலுக்கு வந்தது 1950களின் நடுவில். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமைய இருந்தது. அதில் முதன்மை பெற வேண்டியது தமிழா, சமற்கிருதமா என்ற வழக்கு எழுந்தது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். தலைக்கு ஒரு வெள்ளி என்பதே வேண்டுகோள். பல்கலைக்கழகத்தில் தமிழ் நூலகம் அமைக்கவே அந்நிதி. நாட்கூலி பெறும் பால்மரத் தொழிலாளிக்கு ஒரு வெள்ளி அன்று சிறிய தொகையன்று. தாம் ஒருநாளும் கால்வைக்கப் போகாத நூலகத்திற்கு, தாம் ஒருநாளும் படிக்கப் போகாத நூல்களுக்காக, சிங்கப்பூரிலும் மலாயாவிலும் வாழ்ந்த எளியோர் அவ்வெள்ளியைத் தந்தனர். துறை 1956இல் சிங்கப்பூரில் தொடங்கிப் பின்னர்க் கோலாலம்பூருக்கு மாறியது. தமிழியல் கற்று நம் நாட்டில் ஆசிரியரும் ஆய்வாளரும் ஆனோர் பலர் அந்த வெள்ளிகளின் கடனாளிகள். நாமும் அவருள் ஒருவர்.

சில ஆண்டுகளில் இதே முறை நிலத்திற்கும் பயன்பட்டது. வெள்ளையர் தம் தோட்டங்களை விற்றுச் செல்ல, அவை துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வீடிழந்த காலம் அது. துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோறும் சென்று மாதம் 10 வெள்ளி கேட்டார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டு கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அச்சங்கத்தின் துணையால் பிற்காலத்தில் தமிழ் நூல்களுக்குப் பரிசுகளும் வழங்கப்படுகின்றன. நிலத்திற்குச் சேர்ந்த பணம் சுற்றி வந்து நூலைத் தொட்டதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

இத்தகைய மரபுடைய நாட்டில் இன்று நூல்கள் எவ்வாறு வெளிவருகின்றன? எழுத்தாளர் தம் சேமிப்பையோ கடனையோ கொண்டு நூலை அச்சிடுகிறார். 500 படிக்கு மேல் துணிவோர் சிலரே. பிறகு மண்டபத்தில் வெளியீட்டு விழா. முதல் நூலைப் பெறுபவர் பெருந்தொகை தருகிறார். ஏனையோர் வரிசையில் சென்று உறையை நீட்டி, நூலைப் பெற்று, படமெடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். 20 வெள்ளி நூலுக்கு உறையில் 50 வெள்ளி இருக்கும். நாளை நமக்கொரு நூல் வருமாயின் அவர் வந்து நம் உறையைத் திருப்பித் தருவார். இது கையொப்பமன்று, மொய்.

மொய்யைப் பழிப்பது நம் நோக்கமன்று. மொழியியலார்க்கு அது அருமையான சொல். மொய்த்தல் என்றால் நெருங்கித் திரளுதல். பூவில் வண்டு மொய்க்கிறது, பலகாரத்தில் ஈ மொய்க்கிறது. திரள் என்ற பொருளும் மணவீட்டில் தரும் பணம் என்ற பொருளும் ஒரே வடிவில் வழங்குவதைச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் காணலாம். திரள் தரும் நிதி என்று உலகம் இன்று புதிதாகச் சொல்வதை மொய் என்ற ஓரசைச் சொல் எப்போதோ சொல்லிவிட்டது. எனினும் மொய்க்கு இரண்டு குறைகள் உள. ஒன்று, அது நூலுக்குத் தரப்படுவதன்று, ஆளுக்குத் தரப்படுவது. ஆகவே உறை கொடுத்தவர் நூலைப் பிரித்தாரா என்று யாரும் கேட்பதில்லை. மற்றொன்று, அது அச்சுக்குப் பின்னரே வரும். எழுத்து மட்டும் உள்ள கவிதைத் தொகுப்பிற்கு இது எப்படியோ பொருந்திவிடுகிறது. ஓவியம் நிறைந்த நூலுக்கு அறவே பொருந்தாது. ஓவியர் பல மாதம் வரைய வேண்டும். அம்மாதங்களில் அவர் உண்ண வேண்டும். வண்ண அச்சின் செலவும் மிகுதி. மலேசியத் தமிழில் இளையோர்க்குரிய படப்புதினங்கள் அரிதாய் இருப்பதற்குக் கற்பனை வறட்சி காரணமன்று, பணம் வந்துசேரும் முறையே பெருங்காரணம் என்று நாம் கருதுகிறோம்.

அரிதாய் இருப்பதன் விளைவை ஆசிரியர்கள் நன்கறிவர். ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் தமிழ்வழிப் படித்த பிள்ளை, படிவம் ஒன்றில் மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறது. தமிழ் அங்கு ஒரு பாடமாகச் சுருங்குகிறது. சரியாக அந்த அகவையில்தான் நெடுங்கதையின் மேல் நாட்டம் பிறக்கிறது. மந்திரவாதிகளையும் பறவைநாகங்களையும் பிறமொழிகளில் பிள்ளைகள் தேடிச் செல்கின்றனர். நம் தலைமுறைக்கு அம்புலிமாமா இருந்தது. வேதாளத்தைத் தோளில் சுமந்து சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமனை ஓவியர் சங்கர் வரைந்த படத்திற்காகவே எழுத்துக் கூட்டிப் படித்தோம்.

தமிழகத்தில் இவ்வாசகரை விடாமல் பிடித்திருப்பது சிவகாசி. 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸும் 1984இல் வந்த லயன் காமிக்ஸும் சந்தாவையும் முன்பதிவையும் நம்பியே இன்று இயங்குகின்றன. 2010இல் 'இரத்தப் படலம்' 18 பாகங்கள் ஒரே தொகுதியாகக் கறுப்பு வெள்ளையில் வெளிவந்தது. 2018இல் அதுவே வண்ணத்தில் முன்பதிவின் துணைகொண்டு மறுபதிப்பாயிற்று. முன்கூட்டிப் பணம் கட்டி மாதக்கணக்கில் காத்திருக்கத் தமிழ் வாசகர் அணியமாயிருக்கின்றனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அவை பெரும்பாலும் மொழிபெயர்ப்புகள் என்பதும், அவ்வாசகர் பலர் சிறுவராயிருந்தபோதே சேர்ந்து இப்போது நடுவயதை எட்டியவர்கள் என்பதும் உண்மை.

உலக அரங்கில் 2009இல் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் இம்முறைக்கு இணையவடிவம் தந்தது. 2022 மார்ச்சில் அமெரிக்க மிகுபுனைவு எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் நான்கு புதினங்களுக்காக ஒரே மாதத்தில் 4 கோடி அமெரிக்க வெள்ளிக்கு மேல் திரட்டினார். அத்தொகை நம் ஆசிரியைக்கு எவ்வகையிலும் அளவுகோலாகாது. நாம் கொள்ள வேண்டியது அத்தளத்தின் ஒரு விதி: குறித்த இலக்கை எட்டாவிடில் எவரிடமும் பணம் பெறப்படாது. எட்டினால் பணம் வேலைக்கு முன்பே கைக்கு வரும். ஐயர் காலத்துக் கையொப்பத்தில் இருந்த ஓட்டையை அடைப்பது இவ்விதியே.

பெயரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இம்முறையைச் சிலர் 'கூட்டுநிதி' என்கின்றனர். நம் நாட்டில் அது வம்பு. தோட்டத்து மகளிர் பிடித்த சீட்டுக்குக் கூட்டு என்று பெயர். மலாய் மொழியிலும் 'கூத்து' என அது வழங்குகிறது. அதனைத் தொழிலாக நடத்துவதைத் தடுக்க 1971இல் ஒரு சட்டமே இயற்றப்பட்டது. சட்டத்தின் பெயரிலேயே நம் சொல் நிற்கிறது. ஆகவே கூட்டுநிதி திரட்டுகிறோம் என்று அறிக்கை அச்சடிப்பது அறிவுடைமையாகாது. 'திரள்நிதி' நல்ல சொல். பழைய 'கையொப்பம்' அதனினும் நல்ல சொல் என்பது நம் விருப்பம். அதில் பெயரும் உண்டு, பொறுப்பும் உண்டு, படியைப் பெறும் உரிமையும் உண்டு. பிச்சையில் இம்மூன்றும் இல்லை. வீட்டாருக்கு இதைச் சொல்லும்படி ஆசிரியையிடம் கூறினோம்.

அவர் அதோடு நிற்கவில்லை. முதல் இயலையும் மூன்று ஓவியங்களையும் எட்டுப் பக்கச் சிற்றேடாக்கினார். முந்நூறு பேர் சேர்ந்தால் அச்சு, சேராவிடில் பணம் திரும்பும் என்று அதன் பின்னட்டையில் எழுதினார். கையொப்பமிட்டோர் பெயர்களை ஊர்வாரியாக நூலின் இறுதியில் சேர்ப்பதாகவும் உறுதி தந்தார். தாமானில் இப்போது வாழ்வோர் தம் பழைய தோட்டத்தின் பெயரைத்தான் ஊராகப் பதிகிறார்களாம். இல்லாமற்போன தோட்டங்கள் அப்பட்டியலில் வரிசையாக நிற்கின்றன. சென்ற மாதம் அக்குறிப்பேடு நம்மிடம் வந்தது. 63ஆம் பெயராக நாமும் ஒப்பமிட்டோம். எழுத்துப் புரியவில்லை, அச்சில் பிழை வந்துவிடும், தெளிவாக மறுமுறை எழுதுங்கள் ஐயா என்று ஆசிரியை ஏட்டைத் திருப்பித் தந்தார்.