முதிய பெண்களின் தசைநிறையை அளந்த வரலாறு

உடல் எடை குறையாமலேயே தசை குறையக்கூடும். தசை போன இடத்தைக் கொழுப்பு நிரப்பிவிட்டால் எடைபார்க்கும் கருவி பழைய எண்ணையே காட்டும். முதிய பெண்களிடமும் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களிடமும் இந்த இழப்பு நெடுங்காலம் கவனிக்கப்படாமல் போனதற்கு இது முக்கியக் காரணம்.

1942-இல் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கி, அமெரிக்கக் கால்பந்து வீரர்களை நீருக்குள் எடைபோட்டு உடலடர்த்தியைக் கணித்தார். அவர்களின் மிகையான எடைக்குக் காரணம் கொழுப்பன்று, தசையே என்பது தெளிவானது. ஆனால் மூச்சை முழுவதும் வெளியேற்றி நீரில் அமிழ்ந்திருப்பது எழுபது வயதுப் பெண்ணால் ஆகிற காரியமா?

முதுமையில் தசை குறைவதற்கு 1989-இல்தான் இர்வின் ரோசன்பெர்க் 'சார்க்கோபீனியா' என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் 'சார்க்ஸ்' என்றால் சதை, 'பீனியா' என்றால் குறைவு. பெயர் வந்த பிறகே அளவுகோல் வந்தது. 1998-இல் நியூ மெக்சிகோவில் ரிச்சர்ட் பாம்கார்ட்னர் குழுவினர் கை, கால்களின் தசை நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தனர், பெண்களுக்கு 5.45 எல்லையாயிற்று. 1.50 மீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு இது சுமார் 12.26 கிலோ. இதற்குப் பயன்படும் டெக்சா என்னும் எக்ஸ் கதிர்க் கருவியில் ஒரு குறை உண்டு. அது கொழுப்பல்லாத மென்திசுவையே அளக்கிறது. நீரும் அதில் அடங்கும். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் நிணநீர் தேங்கி வீங்கிய கையில், அந்த வீக்கமும் தசையாகக் கணக்கிடப்பட்டுவிடும்.

புற்றுநோயாளிகளுக்கு வழி வேறிடத்திலிருந்து கிடைத்தது. நோயறிய எடுத்த சி.டி. ஸ்கேனிலேயே மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் தசைப் பரப்பை அளக்கலாம். 2008-இல் கனடாவில் கார்லா பிராடோ குழுவினர் இம்முறையால், பருமனான நோயாளிகளிடமும் தசைக்குறைவு மறைந்திருப்பதைக் காட்டினர். கீமோதெரபி மருந்தளவு பெரும்பாலும் உடற்பரப்பைக் கொண்டு கணிக்கப்படுவதால், தசை குறைந்தவர்களுக்கு நச்சு விளைவு மிகுதியாகலாம். 2018-இல் பெட் கான் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பரவாத மார்பகப் புற்றுநோய் கொண்ட 3,241 பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தசைக்குறைவு இருந்தது. அவர்களிடையே இறப்பும் கூடுதல்.

தசையையே நேராக அளக்கும் முறை இன்னும் புதிது. வில்லியம் எவான்ஸ், மார்க் ஹெல்லர்ஸ்டைன் ஆகியோர் இதை உருவாக்கியவர்களுள் முக்கியமானவர்கள். உடலின் கிரியேட்டினில் பெரும்பகுதி தசையில் உள்ளது. டியூட்டீரியம் ஏற்றிய சிறிதளவு கிரியேட்டினை விழுங்கச் செய்து, சில நாள் கழித்துச் சிறுநீரைச் சோதிப்பார்கள். பானை நீரில் ஒரு கரண்டி உப்பைக் கரைத்து, ஒரு துளியின் உப்பளவிலிருந்து நீரின் அளவைக் கணிப்பது போன்றது இது. முதலில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டவர்கள் முதிய ஆண்கள். நடமாட்டச் சிரமத்துடன் டெக்சா அளவைவிட இந்த அளவு மிக நெருங்கிய தொடர்பு காட்டியது. பெண்களிடம் பெரிய அளவிலான ஆய்வுகள் அதன் பின்னரே தொடங்கின.