விதி குறைந்தால் கதை பெருகுமா? மேசை ரோல்பிளேயிங் விளையாட்டுகளில் ஒரு தேர்வுச் சிக்கல்

நாலைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியும் செயல்களைச் சொல்லியும், ஐயம் எழும் இடத்தில் பகடை உருட்டியும் ஒரு கதையைக் கூட்டாக உண்டாக்குவதே ரோல்பிளேயிங் விளையாட்டு. இத்துறையைத் தொடங்கிவைத்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் மூன்று சிறு கையேடுகளாக வந்தது. அதன் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை நூல்கள் மூன்றும் சேர்ந்தால் ஏறத்தாழ ஆயிரம் பக்கம். சண்டையைவிடக் கதையில் நாட்டமுள்ள ஒரு குழு இதைக் கண்டு மலைப்பது இயல்பே. விதி குறைந்த விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், கதை தானாக வரும் என்று அவர்களுக்கு அறிவுரை சொல்வார்கள்.

இந்த அறிவுரையின் பிற்பாதி தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். நூலில் எழுதப்படாத விதியின் வேலையை மேசையில் யாரோ ஒருவர் செய்தாக வேண்டும். அவர் யார், அவரால் அது முடியுமா என்பதைப் பார்த்தே விளையாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பக்க எண்ணிக்கை இதற்கு அளவுகோல் ஆகாது.

சிக்கல் இத்துறையைவிட மூத்தது. பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட க்ரீக்ஸ்ஷ்பீல் என்னும் போர்ப்பயிற்சி விளையாட்டில் மோதலின் சேதத்தைப் பகடையும் அட்டவணையும் தீர்மானித்தன. கணக்குப் பார்ப்பதிலேயே நடுவரின் பொழுது கழிந்தது. 1876இல் வெர்டி து வெர்னுவா அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். ஆட்டம் விரைவு பெற்றது. கூடவே, நடுவர் எப்படியோ ஆட்டமும் அப்படி என்றாயிற்று. விதி குறைப்பு பற்றி இன்று நடக்கும் விவாதம் இந்த இடத்தைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

ஜான் ஹார்பர் 2013இல் வெளியிட்ட லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ் விதி குறைப்பின் எல்லை எனலாம். ஒரு விண்கலத்தின் பணியாளர்களைப் பற்றிய இவ்விளையாட்டு முழுவதும் ஒரே பக்கம். பாத்திரத்துக்கு 2 முதல் 5 வரை ஓர் எண் மட்டுமே உண்டு. அறிவியலும் நிதானமும் வேண்டிய செயலுக்குப் பகடை அந்த எண்ணுக்குக் கீழே விழவேண்டும். உணர்ச்சியும் பேச்சுத்திறனும் வேண்டியதற்கு மேலே விழவேண்டும். எண் 4 உடையவர் இயந்திரத்தைப் பழுதுபார்த்தால் 1, 2, 3 அவருக்குச் சாதகம். எதிரியைச் சமாதானப்படுத்த முயன்றால் 5, 6 மட்டுமே. சரியாக 4 விழுந்தால், ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டரிடம் ஒரு கேள்வி கேட்டு உண்மையான பதில் பெறலாம். ஒற்றை எண்ணில் ஒரு குணச்சித்திரத்தை அடக்கிய நேர்த்தி பாராட்டத்தக்கது. ஆனால் இந்தக் காட்சியை எப்போது முடிப்பது, அடுத்தது எங்கே தொடங்குவது, அரைமணி நேரமாக வாய் திறக்காதவரை எப்படி உள்ளே இழுப்பது என்பவற்றுக்கு அந்தப் பக்கத்தில் விடை இல்லை. எல்லாம் கேம் மாஸ்டர் தலையில். கதைசொல்லலில் தேர்ந்த ஒருவர் இருக்கும் குழுவுக்கு இது சுகமான சுமை. அப்படி ஒருவர் இல்லாத குழுவோ, முதல் அரைமணி நேரச் சிரிப்பு அடங்கியதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஜேசன் மார்னிங்ஸ்டாரின் ஃபியாஸ்கோ (2009) எதிர்த்திசையில் செல்கிறது. கோயன் சகோதரர்களின் படங்களில் வருவதுபோல, பேராசையும் அற்ப அறிவும் கொண்ட சிலர் ஒரு திட்டம் போட்டுச் சீரழியும் கதை. இதில் கேம் மாஸ்டரே கிடையாது. ஆளுக்கு வெள்ளை இரண்டு, கறுப்பு இரண்டு என நான்கு பகடைகள். முதலில் எல்லாவற்றையும் உருட்டி, விழுந்த எண்களைக் கொண்டு பட்டியலிலிருந்து பக்கத்து இருக்கைக்காரர்களுக்கு இடையே உறவும், அவ்வுறவோடு பின்னிய தேவையோ பொருளோ இடமோ தேர்ந்தெடுக்கிறார்கள். ஆக, பாத்திரம் பிறக்கும்போதே இருபுறமும் சிக்கலோடு பிறக்கிறது.

பிறகு வருவதுதான் விளையாட்டின் உயிர்நாடி. தன் முறை வந்தவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: காட்சியைத் தானே அமைக்கலாம், அல்லது அதன் முடிவைத் தானே தீர்மானிக்கலாம். அமைத்தால், முடிவு நல்லதா கெட்டதா என்பதை மற்றவர்கள் நடுவிலேயே ஒரு வெள்ளை அல்லது கறுப்புப் பகடையைக் கையில் கொடுத்து உணர்த்துவார்கள். முடிவைத் தன் வசம் வைத்துக்கொண்டால், அமைப்பது அவர்கள் பொறுப்பு. மை லைஃப் வித் மாஸ்டர் என்னும் விளையாட்டை எழுதிய பால் செகேயின் பெயரால் வழங்கும் ஒரு கருத்து உண்டு: தன் பாத்திரத்தின் இடரையும் அதன் தீர்வையும் ஒருவரே எழுதினால் ஆட்டம் சுவைக்காது. ஃபியாஸ்கோ அந்தக் கருத்தை இயந்திரமாகவே ஆக்கியிருக்கிறது என்பேன்.

காட்சிக்கு ஒரு பகடை செலவாவதால் கதையின் நீளமும் விதிக்குள் அடங்கிவிடுகிறது. நால்வர் ஆடினால் 16 பகடை, 16 காட்சி. எட்டு முடிந்ததும் கதையைப் புரட்டிப்போடும் திருப்பம். பின்னர் இன்னும் எட்டு. பகடைக் குவியல் கரையும்போது கதை முடிவை நெருங்குவது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. 2020இல் வந்த திருத்தப் பதிப்பு பகடைக்குப் பதில் சீட்டுகளைப் பயன்படுத்துகிறது, அடிப்படை மாறவில்லை.

ஃபியாஸ்கோ ஓர் அமர்வோடு முடியும் விளையாட்டு. மாதக்கணக்கில் நீளும் கதைக்கு வின்சென்ட் பேக்கர், மெக்வே பேக்கர் இணையரின் அபோகலிப்ஸ் வேர்ல்ட் (2010) தொடங்கிவைத்த மரபு பொருந்தும். பக்கக் கணக்கில் அது மெலிந்த நூல் அல்ல. ஆனால் இரண்டு பகடையின் கூட்டுத்தொகையோடு பாத்திரத்தின் பண்பெண்ணைச் சேர்த்தால் 10 அல்லது அதற்கு மேல் முழு வெற்றி, 7 முதல் 9 வரை விலை கொடுத்துப் பெறும் வெற்றி, 6 அல்லது அதற்குக் கீழ் நடத்துபவர் கை ஓங்கும் என்ற ஒரே கணக்குதான். பண்பெண் 1 எனில் 36 வாய்ப்புகளில் முழு வெற்றி 10, தோல்வி 10, நடுவில் 16. ஆகப் பெரும்பங்கு, கிடைத்தும் எதையோ இழக்கும் நிலைக்கே போகிறது. கதை பிறப்பதும் அங்கேதான். நடத்துபவர் பகடை உருட்டுவதில்லை. தோல்வி வந்தால் எந்த வகையில் காயை நகர்த்தலாம் என்ற பட்டியல் அவர் முன் இருக்கிறது. லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ் அவர் கற்பனைக்கு விட்டதை இது எழுதித் தருகிறது.

நல்ல குழு எதை வைத்தும் நல்ல கதை ஆடும், விதியில் என்ன இருக்கிறது என்று கேட்போர் உண்டு. விளையாட்டு வடிவமைப்பாளர் ரான் எட்வர்ட்ஸ் இதை ஒரு கட்டுரையில் நெடுநாள் முன்பே மறுத்திருக்கிறார். நான் சேர்ப்பது ஒன்றுதான்: அந்த வாதம் பல ஆண்டு சேர்ந்து ஆடியவர்களுக்கு உண்மை, அவர்கள் தங்கள் விதிகளைப் பழக்கமாகவே மனத்தில் வைத்திருக்கிறார்கள். புதிதாகக் கூடுபவர்களிடம் அந்தக் கையிருப்பு இல்லை.

ஆகவே, அனுபவமுள்ள கேம் மாஸ்டர் இல்லாத கதைக்குழு ஒருபக்க விளையாட்டில் தொடங்கக் கூடாது. அவர்களுக்கு முதல் தேர்வு ஃபியாஸ்கோ. அது மூன்று முதல் ஐந்து பேருக்கானது. ஒரே கதையை மாதக்கணக்கில் தொடர நினைத்தால் அபோகலிப்ஸ் வேர்ல்ட் மரபுக்குப் போகலாம். ஆனால் அதை நடத்தப்போகிறவர் நூலை முன்கூட்டியே முழுக்கப் படித்திருக்க வேண்டும்.