சவரக்கத்தி எஃகும் உலோகப் பகுப்பாய்வும்

பழைய சவரக்கத்தியின் தரம் அதில் பொறித்த பெயரைவிட, எஃகின் வேதிச்சேர்மானத்தையும் உள்ளமைப்பையும் சார்ந்தது. இந்த உண்மை தெளிவாக ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் ஆயின. அந்த ஆய்வு வரலாற்றின் தொடக்கத்தில் இருப்பது தென்னிந்திய எஃகு.

உருக்கு எஃகு

ஐரோப்பியர் ‘ஊட்ஸ்’ என்றழைத்த எஃகு தமிழகம், கர்நாடகம், தெலங்கானா பகுதிகளில் உருவானது. தேனிரும்பை ஆவாரங்கட்டை, இலைகளுடன் மண் மூசையில் இட்டு, வாயை மூடி உருக்குவது சேலம் பகுதி முறை. கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் மூசைகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன. கட்டையிலும் இலையிலும் இருந்த கார்பன் இரும்பில் சேர்ந்து, அதன் அளவு 1 முதல் 2 விழுக்காடு வரை உயர்ந்தது.

பாரடேயின் சோதனை

1795இல் ஜார்ஜ் பியர்சன் இந்த எஃகைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை அளித்தார். 1805இல் டேவிட் முஷெட், இதில் சாதாரண வார்ப்பு எஃகைவிடக் கார்பன் மிகுதி என்று சரியாகவே கூறினார். ஆனால் 1819இல் பகுப்பாய்வு செய்த மைக்கேல் பாரடே, அலுமினியமே இதன் சிறப்புக்குக் காரணம் எனக் கருதினார். பிற்கால ஆய்வுகள் அதை ஏற்கவில்லை.

பின்னர் கத்தி செய்வோரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து, வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் கலந்த எஃகுகளைப் பாரடே உருவாக்கினார். 500 பங்கு எஃகுக்கு ஒரு பங்குக்கு மேல் வெள்ளி கலந்தால், ஆறும்போது அது துளிகளாகப் பிரிந்து வெளியேறியது. ஆயினும் ‘வெள்ளி எஃகு’ என்ற பெயர் சவரக்கத்திகளில் பொறிக்கப்பட்டது. பின்னாளில் அப்பெயரில் விற்ற எஃகில் வெள்ளியே இல்லை.

பாரடே விட்டுச்சென்ற 79 எஃகுத் துண்டுகளை ராபர்ட் ஹாட்பீல்ட் ஆராய்ந்து 1931இல் முடிவுகளை வெளியிட்டார்.

சேர்மானமும் அமைப்பும்

1860களில் ஹென்றி கிளிப்டன் சார்பி எஃகை மெருகிட்டு, அமிலத்தால் அரித்து, நுண்ணோக்கியில் பார்த்தார். ஒரே சேர்மானமுள்ள எஃகும் சூடேற்றிக் குளிர்விக்கும் விதத்தால் வேறு குணம் பெறுவது இதன்பின் விளங்கியது. ஊட்ஸ் வகை வாள்களின் கோலங்களுக்கு வனேடியம் போன்ற தனிமங்களின் மிகச் சிறிய அளவும் காரணம் என்று 1998இல் ஜான் வெர்ஹோவன் குழு விளக்கியது.

இன்றைய முறைகள்

கையடக்க எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி பொருளுக்குச் சேதமின்றிக் குரோமியம், மாங்கனீசு போன்றவற்றைக் காட்டும். ஆனால் எஃகின் உயிரான கார்பனை அதனால் அளக்க முடியாது. தீப்பொறி நிறமாலை முறை கார்பனைக் காட்டும்; கத்தியில் தழும்பும் விடும். எனவே அரிய கத்திகளில் எந்த அளவு சேதத்தை ஏற்பது என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும்.

ஆலந்தலை அமைந்துள்ள தூத்துக்குடி மாவட்டத்தின் ஆதிச்சநல்லூர் இரும்புப் பொருட்களுக்கும் இது பொருந்தும். துருவேறிய பொருளின் மேற்பரப்புச் சோதனை பெரும்பாலும் துருவையே அளக்கும். உள்ளே எஞ்சிய உலோகத்தின் குறுக்குவெட்டே பழங்காலக் கொல்லரின் வேலைமுறையைச் சொல்லும்.