நங்கூரமும் அதன் சங்கிலியும்

அடையாற்று முகத்துவாரத்தில், உடைந்த பாலத்துக்கு உட்புறமாக, சின்ன ஃபைபர் படகை நிறுத்தி மடவைக்கு வலை போடுகிறவருக்கு இரண்டு இரும்புச் சாமான் வேண்டும். ஒன்று நங்கூரம். மற்றது அதில் கோத்த சில மீட்டர் சங்கிலி. எந்த நங்கூரம் வாங்குவது என்று நாலு பேரிடம் கேட்பவர்கள்கூடச் சங்கிலியைப் பற்றிக் கேட்பதில்லை. கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கி வருகிறார்கள். இந்த இரண்டு பெயர்களும் தமிழுக்கு வந்த கதையைப் பார்த்தால், இந்த அலட்சியம் எவ்வளவு தவறு என்பதும் கூடவே விளங்கும்.

நங்கூரம் என்ற சொல்லை நன்கு, ஊன்று என்று பிரித்துப் பார்க்க ஆசை வரும். ஒலி இடம் கொடுக்கிறது, பொருளும் பொருந்துகிறது. ஆனால் அக்கம்பக்கத்து மொழிகளைக் கேட்டால் அந்த ஆசை நிற்காது. தெலுங்கில் லங்கரு, இந்தியில் லங்கர், வங்காளத்தில் நோங்கர், மராத்தியில் நாங்கர், மலையாளத்தில் நங்கூரம். இத்தனை கரைகளிலும் ஒரே சொல் புழங்குகிறது என்றால் அது கப்பலேறி வந்த சொல்லாகத்தான் இருக்க வேண்டும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் இதைப் பாரசீகத்து ‘லங்கர்’ என்பதிலிருந்து வந்ததாகக் கொள்கிறது. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. சொல்லின் முதலில் லகரம் வராது என்பது தொல்காப்பியர் காலத்து விதி. வழக்கமாக முன்னே ஓர் இகரத்தையோ உகரத்தையோ சேர்த்துச் சமாளிப்போம். இங்கே லகரமே நகரமாகிவிட்டது. வங்காளத்திலும் மராத்தியிலும் அப்படியே ஆகியிருப்பதால், இந்த மாற்றத்தைத் தமிழன் மட்டும் செய்ததாகச் சொல்ல முடியாது.

தி. நகர் ஜி.என். செட்டி சாலையில் இருக்கும் குருத்துவாராவில் வந்தவர்களுக்கெல்லாம் சோறு போடுகிறார்களே, அந்த லங்கரும் இதே பாரசீகச் சொல்தான். பாரசீகத்தில் லங்கர் என்றால் கப்பலை நிறுத்தும் இரும்பு. ஏழைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் உணவளிக்கும் சத்திரமும் அதுவே. மராத்தியிலோ நாங்கர் என்பது நங்கூரத்துக்கும் பெயர், கலப்பைக்கும் பெயர். இரண்டும் மண்ணைக் கீறி இறங்குபவை. 1933-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ஜி.ஐ. டெய்லர் படகுகளுக்கென ஒரு புது நங்கூரம் வடிவமைத்தபோது அதற்குக் கலப்பைக் கொழுவின் உருவத்தைத்தான் கொடுத்தார். மராத்தியை அவர் கேட்டிருக்க வேண்டியதில்லை. மண்ணுக்குள் இறங்கும் கருவிக்கு அதுதான் இயல்பான உருவம்.

நங்கூரம் தனியாக வரவில்லை. மாலுமி அரபியின் முஅல்லிமிலிருந்து வந்தது. சுக்கானும் அரபிதான். கப்பல் தலைவனுக்கு வழங்கிய நாகுதா பாரசீகம். பெரிய கப்பலின் அதிகாரமும் திசையும் நிறுத்தமும் இந்தச் சொற்களில் அடங்கிவிடுகின்றன. பொருளும் சேர்ந்தே பயணம் செய்திருக்கிறது. கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் குஜராத் கரையில் துவாரகை, சோமநாதம் பக்கம் மூழ்கிக் கண்டெடுத்த கல் நங்கூரங்களில் ஒரு வகைக்கு இந்தோ அரேபிய வகை என்றே பெயர்: நீண்ட செவ்வகக் கல், தலைப்பக்கம் கயிறு கட்ட ஒரு வட்டத் துளை, கீழே ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சதுரத் துளைகள். சதுரத் துளைகளில் செருகிய மரக்கட்டைகள் தரையைப் பற்றும். இதே வகைக் கல் பாரசீக வளைகுடாவின் சிராப் துறையிலும் கிடைத்திருக்கிறது.

நங்கூரம் என்ற சொல் எப்போது வந்தது? மயிலாப்பூரை ஒட்டிச் சாந்தோமில் போர்ச்சுகீசியர் 1520-களில் குடியேறினார்கள். சாவி, ஜன்னல், மேசை, அலமாரி என்று வீட்டுச் சாமான் பெயர்களை வரிசையாகத் தந்தவர்கள் அவர்கள். அவர்களும் கடலோடிகளே, அவர்கள் மொழியிலும் நங்கூரத்துக்கு ‘ஆங்கோரா’ என்று சொல் உண்டு. அது நம்மிடம் ஒட்டவில்லை. அந்த இடத்தில் முன்னமே நங்கூரம் உட்கார்ந்திருந்ததுதான் காரணம் என்று நான் கருதுகிறேன்.

அதற்கும் முன்னால் நாம் எதைச் சொல்லிப் படகை நிறுத்தினோம்? பட்டினப்பாலையில் உப்பு விற்று நெல் ஏற்றி வந்த படகுகள் கழிக்கரையில் கம்பங்களில் பிணித்துக் கிடக்கின்றன; லாயத்துக் குதிரைகளைப் போல என்கிறது பாட்டு. ஆற்றிலும் கழியிலும் கட்டுத்தறி போதும். கடற்கரையில் வேறு கதை. சோழமண்டலக் கரையில் அலை உடைகிற இடத்தில் எந்தப் படகும் நிற்காது. கட்டுமரத்தைக் கரையேற்றி, கட்டவிழ்த்து, மரங்களைக் காயப் போடுவார்கள். கரையில் ஏறிவிடும் கலத்துக்கு எதற்கு நங்கூரம்? தூண்டில் போட நடுக்கடலில் கொஞ்சம் நிற்க வேண்டுமானால் கயிற்றில் ஒரு கல். கரைகளில் அதற்குப் பெயரும் கல்லேதான். முத்துக்குளிப்பவனை ஆழத்துக்கு இறக்கியதும் கல்தான். மன்னார்க் கரையில் குளிப்பு உரிமையையே கல் கணக்கில்தான் எண்ணினார்கள்.

ஆகவே மெட்ராஸ் கரையில் நங்கூரம் என்பது நெடுங்காலம் தூரத்தில் நின்ற கப்பலின் உடைமையாகவே இருந்தது. அன்று இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, பலகைகளை நார்க்கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையைக் கடந்து சரக்கையும் ஆளையும் ஏற்றி இறக்கும். புயல் வந்தால் நங்கூரத்தைக் கைவிட்டு ஆழ்கடலுக்கு ஓடுவதே வழி. 1746 செப்டம்பரில் மெட்ராஸ் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர் லா பூர்தொனேயின் கப்பல்களை அக்டோபர்ப் புயல் இங்கேதான் சிதைத்தது. துறைமுக வேலை 1875-இல் தொடங்கியது. 1881-இல் வந்த புயல் அதையும் உடைத்துப் போட்டது.

இனி சங்கிலி. வடமொழியின் ‘சிருங்கலா’ பிராகிருதத்தில் ‘சங்கலா’ ஆகி, தமிழில் சங்கிலி ஆயிற்று. திருவொற்றியூரில் சுந்தரர் மணந்த சங்கிலியாரின் பெயரில் நிற்பதால் இது நம்மிடம் பழகிப் பல நூற்றாண்டு ஆகிவிட்டது. அதற்கு முன்னிருந்த தமிழ்ச் சொல் ‘தொடர்’. சிறைப்பட்ட சேரன் கணைக்கால் இரும்பொறை பாடியதாக வரும் புறநானூற்று 74-ஆம் பாட்டில் நாயைக் கட்டிவைத்திருப்பது தொடர்தான். இன்று தொடரைக் கதைக்கும் கட்டுரைக்கும் விட்டுவிட்டோம். கப்பல் கயிற்றுக்கு இருந்த வடம் தேரோடு தங்கிவிட்டது. பாண்டி பஜார், உஸ்மான் சாலை நகைக்கடைகளில் ‘இரட்டை வடம்’ என்று கேட்கும்போது அது இன்னும் ஒலிக்கிறது. சங்கிலியின் ஒவ்வொரு வளையத்துக்கும் கண்ணி என்ற பெயர் மட்டும் நம்முடையதாகவே மிஞ்சியிருக்கிறது.

நங்கூரமும் சங்கிலியும் ஒன்றாகச் சேர்ந்தது இன்னும் பிந்தி. கி.மு. 56-இல் ஜூலியஸ் சீசரை எதிர்த்த வெனெட்டி என்ற கால் (இன்றைய பிரான்ஸ்) நாட்டுக் கடலோடிகள் கயிற்றுக்குப் பதில் இரும்புச் சங்கிலி கட்டியதைச் சீசரே வியந்து எழுதியிருக்கிறார். அது பரவவில்லை. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி சாமுவேல் பிரவுன் 1808-இலும், கண்ணிக்கு நடுவே குறுக்குக் கட்டை வைக்கும் முறையோடு தாமஸ் பிரண்டன் 1813-இலும் காப்புரிமை பெற்ற பிறகே சங்கிலி கப்பல்களில் நிலைத்தது. ஆக, நங்கூரச் சங்கிலி என்ற கூட்டுச்சொல் தமிழில் புழங்கத் தொடங்கி இருநூறு ஆண்டுக்கு மேல் இருக்க வழியில்லை. படகுக்காரன் பேச்சில் அது இன்னமும் முழுதாகக் குடியேறாததற்கு இதுவே காரணம் என்பேன். பேசும்போது எல்லாப் புகழும் நங்கூரத்துக்கே போகிறது.

தண்ணீருக்கு அடியில் நடப்பதைப் பாருங்கள். பத்து கிலோ கருங்கல்லை நீரில் இறக்கினால் சுமார் 6.3 கிலோ கனமே மிஞ்சும். பத்து கிலோ இரும்பு 8.7 கிலோ காட்டும். கல்லை இரும்பு வென்றது இப்படித்தான். ஆனால் நங்கூரம் பிடிப்பது கனத்தால் மட்டும் அல்ல, இழுப்பு தரையோடு படிந்து வருவதால். கயிறு மேல்நோக்கி இழுத்தால் கொக்கி கிளம்பிவிடும். அதைத் தரையோடு அழுத்தி வைப்பது சங்கிலியின் கனம்தான். நம் படகுகளில் பெரும்பாலும் இருப்பது நாலு கொக்கி வைத்த நங்கூரம். அதில் இரண்டு கொக்கி மண்ணில் இருக்க, மற்ற இரண்டு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அடையாற்று வாயில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் படகு திசை மாறித் திரும்பும்போது, மிதக்கும் பிளாஸ்டிக் கயிறு அந்தக் கொக்கியில் சுற்றி நங்கூரத்தையே பிடுங்கிவிடும். கனத்த சங்கிலி தரையில் கிடந்தால் அது அவ்வளவு எளிதில் நேராது. நைலான் கயிறு என்றால் அது மூழ்கவும் செய்யும், இழுப்புக்கு நெகிழ்ந்தும் கொடுக்கும். ஆற்றுப்படகுக்கு அதுவே நல்லது.

ஐந்து, ஆறு மீட்டர் படகுக்கு எட்டு மில்லி சங்கிலி போதும். மீட்டருக்கு ஏறக்குறைய 1.4 கிலோ, படகு நீளத்துக்கு வாங்கினால் ஏழெட்டு கிலோ வரும். ஆறு மில்லி என்றால் மீட்டருக்கு 0.8 கிலோதான், கனம் காணாது. கண்ணி குட்டையாக இருக்கட்டும். நீளக் கண்ணிச் சங்கிலி வளைந்து முறுக்கிக்கொள்ளும். நீர்மட்டத்திலிருந்து படகு விளிம்பு வரையுள்ள உயரத்தையும் சேர்த்து இரண்டரை மீட்டர் ஆழமென்றால், சங்கிலியும் கயிறுமாகப் பன்னிரண்டு முதல் பதினேழு மீட்டர் விட வேண்டும்.

பாரிமுனை இரும்புக் கடையில் சங்கிலியைக் கையில் எடுத்துப் பாருங்கள். கண்ணாடியாய்ப் பளபளப்பது மெல்லிய மின்பூச்சு. சொரசொரப்பாக, மங்கிய சாம்பல் நிறத்தில் இருப்பதுதான் உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தது, அதையே கேளுங்கள். அடையாற்றின் கறுப்புச் சேற்றில் கழிவு கலந்திருப்பதால் எந்தப் பூச்சும் சீக்கிரம் அரிக்கும். அன்றன்று நல்ல தண்ணீரில் அலசுங்கள், அவ்வப்போது இரு முனைகளையும் மாற்றிக் கோத்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் பணம் குறைவு என்றால் நங்கூரத்தில் ஒரு கிலோ குறையட்டும், சங்கிலியில் ஒரு மீட்டரும் குறைய வேண்டாம்.