சிறுவர்க்கு விஞ்ஞானம் சொன்ன அரபெல்லா பக்லி

விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கில இலக்கியம் என்றதும் டிக்கன்ஸும் புரொன்ரே சகோதரிகளுமே நம் நினைவுக்கு வருவர். அக்காலத்தில் சிறுவர்க்கு விஞ்ஞானத்தைக் கதைபோல் எழுதிய பெண்களும் இருந்தனர். இலக்கிய வரலாறுகள் அவர்கள் பக்கம் அதிகம் திரும்புவதில்லை. அவர்களுள் என்னைக் கவர்ந்தவர் அரபெல்லா பக்லி.

1840 இல் பிரைட்டனில் ஒரு மதகுருவின் மகளாகப் பிறந்தார். 1864 இல், புவிச்சரிதவியலறிஞர் சேர் சார்ள்ஸ் லயலின் செயலாளரானார். இங்கிலாந்தில் பெண்களுக்குப் பல்கலைக்கழகப் பட்டம் கிட்டாத காலம் அது. 1875 இல் லயல் மறையும்வரை அவரது மேசையே பக்லிக்குப் பல்கலைக்கழகம். டார்வின், வொலஸ் ஆகியோரின் நட்பும் அவ்வழியே கிடைத்தது.

1879 இல் வெளிவந்த 'விஞ்ஞானத்தின் தேவதையுலகு' பத்து விரிவுரைகள் கொண்டது. பெயரைப் பார்த்து இனிப்புப் பூசிய பாடநூல் என்று நினைத்துவிடக்கூடாது. வெப்பம், ஈர்ப்பு முதலிய சக்திகளே அவரது தேவதைகள். ஒரு நீர்த்துளியின் பயணத்தையும் ஒரு நிலக்கரித் துண்டின் பூர்வகதையையும் கூறி, அச்சக்திகள் வேலை செய்வதைக் குழந்தைகளுக்குக் காட்டினார்.

அடுத்த ஆண்டு வந்தது 'உயிரும் அதன் குழந்தைகளும்'. முள்ளந்தண்டிலிகள் பற்றிய நூல் இது. முள்ளந்தண்டுளிகளைப் பின்னர் வேறொரு நூலில் எழுதினார். கூர்ப்புக் கொள்கையைச் சிறுவர்க்குச் சொல்வது அன்று சங்கடமான காரியம். வாழ்க்கை ஓயாத போராட்டம், வலியதே பிழைக்கும் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு எப்படி நிறுத்துவது? பக்லி போராட்டத்தை மறைக்கவில்லை. ஆனால் குஞ்சுகளைப் பேணும் அன்பும், கூட்டமாக ஒன்றையொன்று காக்கும் இயல்பும் பிழைப்பதற்கான பலமே என்று காட்டினார். இதை மென்மையான பெண்மனம் என்று ஒதுக்குவோர் இருக்கலாம். எனக்கு அது கூர்மையான வாதமாகவே படுகிறது. குரொப்பொட்கின் 'பரஸ்பர உதவி' என்ற நூலை வெளியிட்டது 1902 இல்தான்.

அந்த ஆண்டுகளில் வொலஸ் நிரந்தர வருமானமின்றித் தவித்தார். இயற்கைத் தேர்வை டார்வினைப் போலவே சுயமாகக் கண்டறிந்தவர், சோதனைத் தாள்களைத் திருத்திச் சம்பாதித்துக்கொண்டிருந்தார். 1879 டிசெம்பரில் பக்லி அதை டார்வினுக்கு எழுதினார். டார்வின் தாவரவியலறிஞர் ஹூக்கரைக் கேட்டார். ஆவியுலக நம்பிக்கை கொண்டவருக்கு அரச உதவியா என்று ஹூக்கர் மறுத்தார். (அந்த நம்பிக்கை பக்லிக்கும் இருந்தது!) காரியம் ஓராண்டு தடைப்பட்டது. பின் ஹூக்கரும் மனம் மாற, டார்வின் கையொப்பங்கள் திரட்டிப் பிரதமர் கிளாட்ஸ்டனுக்கு அனுப்பினார்.

1881 சனவரியில் வொலஸுக்கு ஆண்டுக்கு 200 பவுண் ஓய்வூதியம் கிடைத்தது. அவர் 1913 வரை வாழ்ந்தார்.