கூகிளிடம் 'இது வேண்டாம்' என்று சொன்ன கதை

ஊர் விட்டு ஊர் வந்த நமக்கெல்லாம் கூகிள்தான் பக்கத்து வீட்டுப் பெரியவர். பிள்ளைக்குக் காய்ச்சலா, எந்தப் பள்ளிக்கூடம் நல்லதா, எல்லாவற்றையும் அங்கேதான் கேட்கிறோம். அந்தப் பெரியவரே ஒரு காலத்தில் உளற ஆரம்பித்தார். அவரைத் திருத்தியதில் சாதாரண ஆட்களுக்கும் சின்னப் பங்கு உண்டு. அதுதான் இந்தப் பதிவு.

1998-ல் கூகிள் தொடங்கியபோது இருந்த யோசனை எளிமையானது. ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு இணைப்பு கொடுத்தால் அது ஒரு ஓட்டு. ஆனால் கவனியுங்கள், இணையத்தில் பக்கம் வைத்திருப்பவர்களுக்குத்தான் ஓட்டு. வெறுமனே படிக்கிற நமக்கு இல்லை.

2010 வாக்கில் புதுத் தொழில் ஒன்று கொழித்தது. ஜனங்கள் எதைத் தேடுகிறார்கள் என்று பார்த்து, அதே தலைப்பில், குறைந்த கூலிக்கு ஆள் வைத்து, மேலோட்டமாக எழுதிக் குவிப்பது. அமெரிக்காவில் இவற்றை 'உள்ளடக்கப் பண்ணைகள்' என்றார்கள். 2010 ஜூனில் கூகிள் 'காஃபீன்' என்ற புது ஏற்பாட்டால் பக்கங்களை வேகமாகச் சேர்க்கத் தொடங்கியது. பயிரோடு களையும் வேகமாக உள்ளே வந்தது.

கூகிளின் அமித் சிங்கலும் மேட் கட்ஸும் 2011-ல் வயர்டு பத்திரிகைக்குச் சொன்னது சுவாரசியம். தளங்களை ஆட்களிடம் காட்டிக் கேட்டார்களாம்: இங்கே உங்கள் கிரெடிட் கார்டு எண்ணைத் தருவீர்களா? இது சொல்லும் மருந்தை உங்கள் பிள்ளைக்குக் கொடுப்பீர்களா? அந்தப் பதில்களை வைத்து உருவான மாற்றம்தான் 'பாண்டா'. அதை உருவாக்கிய பொறியாளர் ஒருவரின் பெயர் அது. கரடி இல்லை!

2011 பிப்ரவரி 14 அன்று குரோமில் ஒரு சின்ன நீட்சி வந்தது. பிடிக்காத தளத்தைத் தட்டினால் உங்கள் தேடலில் அது வராது. தட்டிய விவரம் கூகிளுக்குப் போகும். பத்தே நாளில், பிப்ரவரி 24 அன்று பாண்டா வந்தது. அமெரிக்கத் தேடல்களில் 11.8 சதவீதம் மாறியது.

இங்கேதான் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஜனங்கள் தடுத்ததால் தளங்கள் விழவில்லை. அந்த விவரத்தைப் பாண்டாவில் சேர்க்கவே இல்லை. பரீட்சை எழுதி முடித்தபின் விடைகளை ஒப்பிடுவதுபோல ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதிகம் தடுக்கப்பட்ட சில டஜன் தளங்களில் 84 சதவீதம் ஏற்கெனவே பாண்டாவின் கணக்கில் அகப்பட்டிருந்தன.

ஏப்ரல் 11 அன்று பாண்டா உலகம் முழுக்க ஆங்கிலத் தேடல்களுக்கு வந்தது, இந்தியா உட்பட. அப்போதுதான் நம் தடைகளையும் ஓர் அடையாளமாகச் சேர்த்தார்கள். அதுவும் மிக உறுதியாகத் தெரிந்த இடங்களில் மட்டும். இந்தப் புது அடையாளங்களால் மாறியது அமெரிக்கத் தேடல்களில் சுமார் 2 சதவீதம்.

ஏன் இத்தனை தயக்கம்? போட்டிக் கடைக்காரர் பத்துப் பேரை உட்காரவைத்து உங்கள் தளத்தை 'வேண்டாம்' என்று தட்டவைத்தால் என்ன ஆகும்? புகாரை அப்படியே நம்பினால் அதுவே ஆயுதமாகிவிடும். புகாரே இல்லாத கணக்கிலும் தப்பு வரும். பாண்டாவில் தாங்களும் அநியாயமாக அடிபட்டோம் என்று சில தளங்கள் முறையிட்டன. அவர்கள் பிழைப்பு அது.

தடுக்கும் வசதியைப் பிறகு கூகிளே எடுத்துவிட்டது. அந்த மருந்துக் கேள்வி மட்டும் எனக்கு மனசில் நின்றுவிட்டது. ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தேடும்போது, முதலில் வந்த பக்கத்தைப் படிக்குமுன் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன். நீங்களும் கேட்டுப் பாருங்களேன்.