ஸ்டியரிங் மாற்றிய பின் வரும் கோளாறுகள்: எதை, எங்கே தேடுவது?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்தக் காலத்தில் புதுக் கார் வாங்க நினைத்த பலர், கையிலிருந்த பழைய காரையே புதுசாக்கிக் கொண்டார்கள். முதலில் சீற் உறை, பிறகு அலோய் வீல், பிறகு பெரிய திரை வைத்த செட், கடைசியில் ஸ்டியரிங். உதிரிப்பாகச் சந்தை பற்றி எழுதுவதற்காக யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் சில கராஜ்களில் நாட்கணக்கில் இருந்தேன். ஸ்டியரிங் மாற்றிய பிறகு ஏதோ சரியில்லை என்று திரும்பி வந்த கார்களில் நான் கண்ட கோளாறுகள், எண்ணிப்பார்த்தால், ஏழெட்டுக்கு மேல் இல்லை. அவற்றில் ஒன்று மட்டும் உயிரோடு சம்பந்தப்பட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வெளியில் வாங்கும் ஸ்போர்ட்ஸ் ஸ்டியரிங் நேராகத் தண்டில் ஏறாது. இடையில் 'பொஸ் கிட்' என்ற ஓர் இணைப்பு வேண்டும். அதன் உட்பக்கப் பல்லுகள் உங்கள் காரின் தண்டுக்குப் பொருந்த வேண்டும். வெளிப்பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆறு துளைகள் இருக்கும். மோமோ, ஸ்பார்கோ வகைகளில் இந்தத் துளைகள் 70 மில்லிமீற்றர் வட்டத்தில் இருக்கும். நார்டியில் 74. நாலு மில்லிமீற்றர்தானே என்று துளையை அரத்தால் அகட்டிப் பூட்டிய ஒன்றை நானே பார்த்தேன். ஆறு சிறிய திருகாணிகளின் பிடியில்தான் கார் திரும்புகிறது என்பதை நினைத்தால் அதைச் செய்ய மனம் வராது. இரண்டு அளவுக்கும் துளை போட்ட பொஸ் கிட்டுகள் கடைகளில் கிடைக்கின்றன.

அதிகம் கேட்கும் முறைப்பாடு, வண்டி நேராக ஓடும்போது ஸ்டியரிங் சரிந்து நிற்பது. இங்கே ஒரு சின்னக் கணக்கு உதவும். பல டொயோட்டாக்களின் தண்டில் 36 பல்லுகள். அப்படியென்றால் ஒரு பல்லு தள்ளிப் பூட்டினால் 10 பாகை சரியும். சரிவு அந்த அளவு இருந்தால் கழற்றி ஒரு பல்லு மாற்றிப் பூட்டினால் போதும். மூன்று நாலு பாகைதான் என்றால் பல்லை மாற்றிப் பயனில்லை. வீல் அலைன்மென்டில் இரு பக்க டைரொட்டையும் சரிசெய்துதான் நேராக்க வேண்டும். பழைய ஸ்டியரிங்கைக் கழற்றும் முன் தண்டிலும் நடுப்பகுதியிலும் பெயின்றால் ஒரு கோடு போட்டு வைத்தால் இந்த அலைச்சல் பாதியாகும். கழற்றும்போது நட்டை முழுதாக எடுத்துவிடாமல் இரண்டு மூன்று சுற்றில் விட்டுவிட்டு இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் இறுகியிருந்த ஸ்டியரிங் திடீரென்று விடுபட்டு முகத்தில் அடிக்கும்.

அடுத்தது ஹோர்ன். பெரும்பாலான கார்களில் ஹோர்ன் பொத்தான் செய்யும் வேலை ஒன்றுதான்: ஒரு வயரை ஏர்த்தோடு தொடுக்கிறது, ரிலே இழுக்கிறது, ஹோர்ன் அடிக்கிறது. ஆகவே பொத்தானைக் கழற்றி, அந்த வயரை பொஸ் கிட்டின் இரும்பில் தொட்டுப் பாருங்கள். அடித்தால் ரிலே, பியூஸ் எல்லாம் நன்றாயிருக்கின்றன. கோளாறு பொத்தானில் அல்லது அதன் ஏர்த்தில். கறுப்புப் பெயின்ற் பூசிய பொஸ் கிட்டில் பெயின்றே ஏர்த்தைத் தடுத்துவிடும். பொத்தானின் மற்ற முனையிலிருந்து வெற்று இரும்புக்கு ஒரு வயர் இழுத்தால் சரியாகும். தொட்டும் அடிக்கவில்லையென்றால் முதலில் பியூஸைப் பாருங்கள். விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் அந்த வயர் எங்கோ இரும்பில் உரசுகிறது. திருப்பும்போது மட்டும் விட்டு விட்டு அடித்தால், பழைய கார்களில், தொடுவளையமும் முள்ளும் சரியாகச் சந்திக்கவில்லை.

சிக்னல் தானாக நிற்காமல் போவது இன்னொன்று. அசல் ஸ்டியரிங்கின் அடியில் சிக்னலைத் திருப்பிவிடும் நீட்டல் இருக்கும். மலிவான பொஸ் கிட்டில் அது இருக்காது, இருந்தாலும் பொருந்தாது. உரசும் சத்தம் வந்தால் பொஸ் கிட் பிளாஸ்டிக் மூடியில் படுகிறதா என்று பாருங்கள். ஸ்டியரிங் கனமாகிவிட்டது என்பது கோளாறு அல்ல: 370 மில்லிமீற்றர் இருந்த இடத்தில் 330 போட்டால் கையின் பலம் ஏறக்குறைய 12 சதவீதம் கூடுதலாக வேண்டும். பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய மாருதியில் இது தோளில் தெரியும். ஆனால் ஸ்டியரிங் கையில் ஆடினால், லேசாக ஆடினாலும், வண்டியை ஓட்ட வேண்டாம். நடு நட் இறுகவில்லை, அல்லது பல்லுகள் பொருந்தவில்லை. பல டொயோட்டாக்களுக்கு அந்த நட்டின் இறுக்கம் 50 நியூட்டன் மீற்றர். டோர்க் சாவி இல்லாமல் 'கைக்கணக்கில்' இறுக்கும் இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

வேறு மாதிரிக் காரின் அசல் ஸ்டியரிங்கை வாங்கிப் பூட்டியவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஸ்டியரிங்கின் பின்னால் நாடா போலச் சுருண்ட ஒரு கேபிள் உள்ளது. கராஜ்காரர் 'ஸ்பைரல் கேபிள்' என்பார்கள். எயார்பாக், ஹோர்ன், ஸ்டியரிங் சுவிட்சுகளுக்கு மின்சாரம் இதன் வழியாகத்தான் போகிறது. கழற்றியிருக்கும்போது அது நடுநிலையிலிருந்து சுழன்றுவிட்டால், நேராக ஓடும்போது ஒன்றும் தெரியாது. ஒருநாள் பார்க்கிங்கில் முழுதாகத் திருப்பும்போது அறுந்துவிடும். ஹோர்னும் எயார்பாக் விளக்கும் ஒரே நேரத்தில் கோளாறு காட்டினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். பூட்டும் முன் ஒரு பக்கம் மெதுவாக நிற்கும்வரை சுழற்றி, பிறகு மறுபக்கம் குறித்த சுற்றுகள் (பல மாதிரிகளில் இரண்டரை) திருப்பி, அடையாளங்களை நேர்ப்படுத்த வேண்டும். வழுக்கல் தடுப்பு வசதியுள்ள கார்களில் இதோடு ஸ்டியரிங் கோண உணரியையும் ஸ்கேனரால் மறுபடி பூச்சியப்படுத்த வேண்டி வரலாம்.

இனி அந்த ஒன்று. எயார்பாக் உள்ள காரில் ஸ்போர்ட்ஸ் ஸ்டியரிங் போட்டால் சாரதியின் எயார்பாக் போய்விடும். கணினி அந்தச் சுற்றில் மின்தடையைத் தேடுகிறது. கிடைக்காததால் சிவப்பு விளக்கை எரிய விடுகிறது. அந்த விளக்கு எரியும்போது மற்ற எயார்பாக்குகள் வேலை செய்யும் என்றும் நம்பியிருக்க முடியாது. இங்கே பலர் செய்யும் தீர்வு, எயார்பாக் வயரின் முனையில் இரண்டு மூன்று ஓம் அளவு ஒரு ரெசிஸ்டரைச் சொருகுவது. கணினி ஏமாறுகிறது, விளக்கு அணைகிறது, வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போகிறார். நான் இதைத் தீர்வு என்று எழுத மாட்டேன். இப்போது ஓட்டுபவருக்கு எயார்பாக் இல்லாதது தெரியும். நாளை அந்தக் காரை வாங்குபவருக்கு யார் சொல்வார்கள்?

பாவித்த கார் வாங்கப் போகிறவர்கள் இரண்டு விடயங்களைப் பாருங்கள். சாவியைத் திருப்பியதும் எயார்பாக் விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைக் கழற்றியிருக்கிறார்கள் அல்லது மறைத்திருக்கிறார்கள். அடுத்து, ஸ்டியரிங்கின் நடுவில் 'எஸ்.ஆர்.எஸ். எயார்பாக்' என்ற ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். எழுத்தும் இல்லை, விளக்கும் ஒழுங்காக அணைகிறது என்றால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது.

எயார்பாக்கைத் தொடும் வேலைக்குச் சில விதிகள் உண்டு. பற்றரியின் மறை முனையைக் கழற்றி, டொயோட்டா சொல்வதுபோல் குறைந்தது 90 விநாடிகள் காத்திருக்க வேண்டும். எயார்பாக்கை மல்டிமீற்றரால் அளக்கவே கூடாது. அந்தச் சிறு மின்சாரமே அதை வெடிக்க வைக்கலாம். கழற்றியதை முகப்பு மேலே இருக்கும்படி வைக்க வேண்டும். விரிய அதற்கு 30 மில்லி விநாடி அளவே தேவை. நான் பார்த்த இடங்களில் ஒன்றில் மட்டுமே இந்த ஒழுங்கு இருந்தது.

பழைய ஸ்டியரிங்கின் தோற்றம்தான் பிரச்சினை என்றால், அதற்கே நல்ல தோல் தைத்துக்கொள்வது மலிவும் பாதுகாப்புமாகும். எயார்பாக்கோடு கூடிய அசல் ஸ்டியரிங் வேண்டுமென்று பஞ்சிகாவத்தையில் தேடுபவர்கள் தகாட்டா விவகாரத்தை மறக்கக் கூடாது. அந்த நிறுவனத்தின் ஊதிகளில் இருந்த அமோனியம் நைத்திரேற்று, வருடக்கணக்கான வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சிதைந்து, விரியும்போது இரும்புத் துண்டுகளை முகத்தில் எறிந்தது. டொயோட்டா, ஹொண்டா உட்படப் பல நிறுவனங்கள் உலகம் முழுவதும் கோடிக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தன. நமது காலநிலை அதற்கு உகந்தது அல்ல. உங்கள் காரின் சேசிஸ் இலக்கத்தை முகவரிடம் கொடுத்தால் அது அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். கழற்றி விற்கப்படும் எயார்பாக் என்றால், அது வந்த காரின் சேசிஸ் இலக்கத்தைக் கடைக்காரரிடம் கேளுங்கள். தர முடியாவிட்டால் வாங்காதீர்கள்.